நிக்டிக்கு வாருங்கள், சாப்பிடலாம்

புனேயில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டால் நாராயண் பேட், சதாசிவ் பேட் என்று பழைய ஊரின் சந்துகளுக்குத்தான் எல்லோரும் வழி சொல்வார்கள். நல்ல வழிதான். 1948-இலிருந்து மிசள் போட்டுக்கொண்டிருக்கும் பேடேகர் கடை அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆனாலும் என்னிடம் கேட்டால், பழைய மும்பை சாலையில் பஸ் பிடித்து, பிம்ப்ரி, சிஞ்ச்வட், ஆகுர்டி எல்லாவற்றையும் தாண்டி நிக்டியில் வந்து இறங்குங்கள் என்பேன். வயிறு காலியாக இருந்தால் போதும், மற்றதை இந்த ஊர் பார்த்துக்கொள்ளும்.

உழைக்க வந்தவர்களால் வளர்ந்த ஊர் இது. 1954-இல் பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் வந்தது. அதற்குப் பிறகு ஆகுர்டியில் பஜாஜ், பிம்ப்ரியில் டெல்கோ என்ற பெயரில் இன்றைய டாடா மோட்டார்ஸ், அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் நூற்றுக்கணக்கான பட்டறைகள். வந்தவர்கள் குடியிருக்க வேண்டுமே என்று 1972-இல் பிம்ப்ரி-சிஞ்ச்வட் புதுநகர் வளர்ச்சி ஆணையத்தை அரசு அமைத்தது. அந்த ஆணையம் 2021-இல் புனே பெருநகர ஆணையத்தோடு இணைந்துவிட்டது. அது உருவாக்கிய குடியிருப்பை மட்டும் இன்றும் எல்லோரும் ‘பிராதிகரண்’ என்றுதான் சொல்கிறோம். சாத்தாராக்காரர், கோலாப்பூர்க்காரர், சோலாப்பூர்க்காரர், கொங்கணத்து மீன் சாப்பாட்டுக்காரர், மலையாளி, தெலுங்கர், எங்களைப் போன்ற தமிழர்கள் என்று ஒரே தெருவில் எல்லோரும் இருக்கிறோம். ஒவ்வொருவரும் துணிமணியோடு ஒரு மசாலாப் பொட்டலத்தையும் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அதனால்தான் இங்கே சின்னக் கடைகளில் கிடைக்கும் சாப்பாட்டின் மேல் எனக்கு இத்தனை பிரியம். ராத்திரி ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் இறங்குகிறவருக்கும், விடிகாலை ஷிப்டுக்குக் கிளம்புகிறவருக்கும் சமைக்கிறார்கள். சூடாக இருக்க வேண்டும், உடனே கிடைக்க வேண்டும், மத்தியானம் வரை தாங்க வேண்டும். இந்த மூன்றும் தெரிந்தவர் கையால் போட்டது தப்பாகவே போகாது.

முதலில் மிசள். ஞாயிற்றுக்கிழமை காலை பிராதிகரணில் எந்த மிசள் கடை வாசலிலும் ஸ்கூட்டர்கள் வரிசைகட்டி நிற்கும். பெயர் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளே இடம் கிடைத்ததும் நான் எப்போதும் அடுப்படி தெரிகிற மேஜையாகப் பார்த்து உட்காருவேன், ஏனென்றால் மிசள் போடுவதைப் பார்ப்பதே பாதி சாப்பாடு. ஆழமான கிண்ணத்தில் அடியில் முளைகட்டிய மட்கி உசள் விழுகிறது. மட்கி என்றால் நம் நரிப்பயறு, உசள் என்றால் பயறு மசாலா. அதன் மேல் ஒரு பிடி அவல் உப்புமா, அதாவது போஹே. ஒரு கரண்டி மஞ்சள் உருளைக்கிழங்கு. அதையெல்லாம் மூடுகிற மாதிரி காராசேவும் மிக்சருமாக ஃபர்சாண். பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி. அடுத்துதான் பெரிய பாத்திரத்துக்குள் கரண்டி போகிறது. மேலே மிதக்கும் சிவப்பு எண்ணெயை முதலில் கரண்டியின் முதுகாலேயே ஒதுக்கித் தள்ளி, கீழே இருக்கும் தண்ணியான ரஸ்ஸாவை மொண்டு ஃபர்சாண் மேல் ஊற்றுவார். கடைசியில் ஒதுக்கி வைத்த அந்தச் சிவப்பிலிருந்து அரைக் கரண்டி எடுத்து உச்சியில் ஒரு வட்டம். அதுதான் தர்ரி. கட் என்றும் சொல்வார்கள். பக்கத்தில் இரண்டு பாவ், ஒரு துண்டு எலுமிச்சை.

அந்த முதல் ஸ்பூன்! சேவ் இன்னும் ஊறியிருக்காது, மொறுமொறுவென்று இருக்கும். அதற்குள் புகுந்த காரம் நாக்கில் ஏறுவதற்குள் மட்கியின் லேசான தித்திப்பு வந்து சமாதானம் சொல்லும். நாலாவது ஐந்தாவது ஸ்பூனில் எல்லாம் ஊறிக் குழைந்து வேறொரு பலகாரமாகிவிடும். ஒரே கிண்ணத்தில் இரண்டு பதம். பாவைக் கிழித்து ரஸ்ஸாவில் முக்கி, சொட்டச் சொட்ட வாயில் போட்டுக்கொண்டால் நெற்றியில் முத்து முத்தாக வியர்க்கும். அப்போதுதான் பரிமாறுகிற தாதா, அதாவது அண்ணன், சின்ன வாளியோடு வந்து, “அஜூன் ரஸ்ஸா தேவூ கா?” என்பார். இன்னும் ஊற்றட்டுமா என்று கேட்கிறார். வேண்டாம் என்று சொல்ல மனசே வராது.

ரஸ்ஸாவின் மணம் எங்கேயோ தெரிந்த மணமாக இருக்கிறதே என்று தமிழர்களுக்குத் தோன்றும். புனேக்காரர்களின் கோடா மசாலாவில் தகட்ஃபூல் சேர்க்கிறார்கள். தகட்ஃபூல் வேறெதுவும் இல்லை, செட்டிநாட்டுச் சமையலில் தாளிக்கும் நம் கல்பாசிதான். கொப்பரையும் எள்ளும் வறுத்துச் சேர்ப்பது அதற்கு ஒரு அடர்த்தி கொடுக்கிறது. கோலாப்பூர் வகை மிசளில் காந்தா-லசூண் மசாலா, வெங்காயமும் பூண்டும் மிளகாயும் சேர்த்து இடித்தது, காரம் நேராகத் தலைக்கு ஏறும். நாசிக் வகையில் மசாலா கறுத்திருக்கும், பக்கத்தில் பொரித்த அப்பளம் வரும். மூன்று வகையும் நிக்டியில் கிடைக்கின்றன. மும்பை தாதரில் இருக்கும் ஆஸ்வாத் உணவகத்தின் மிசளை, உலகத்தின் மிகச் சுவையான சைவ உணவு என்று 2015-இல் லண்டனில் ஒரு விருதுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். மராத்திய நண்பர்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். நானும் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

உலகத்தின் மறுகோடியில், ஹவாய்த் தீவுகளிலும் இப்படி உழைக்க வந்தவர்களால் உருவான ஒரு சாப்பாடு உண்டு. அங்கே கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஜப்பான், சீனா, கொரியா, பிலிப்பைன்ஸ், போர்ச்சுகல் என்று பல தேசங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். கீழ்த்தட்டில் சோறும் மேல்தட்டில் தொட்டுக்கொள்ள ஏதாவதுமாக, இரண்டு அடுக்கு டப்பா கட்டிக்கொண்டு வயலுக்குப் போவார்கள். மத்தியானம் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் டப்பாவில் இன்னொருவர் கைவைப்பார். அந்தப் பழக்கத்திலிருந்து வளர்ந்ததுதான் இன்று ஹவாயின் சாலையோரக் கடைகளில் விற்கும் பிளேட் லஞ்ச்: இரண்டு குவியல் சோறு, மக்ரோனி சாலட், குழம்போடு இறைச்சி. ஹீலோ என்ற ஊரில் 1949-இல் உருவான லோகோ மோகோ அந்தக் குடும்பத்தின் செல்லப்பிள்ளை. சோற்றின் மேல் கொத்துக்கறி வடை, அதன் மேல் முட்டை, எல்லாவற்றின் மேலும் பழுப்புக் குழம்பு. இங்கே கம்பெனி கேன்டீனில் சோலாப்பூர்க்காரரின் நிலக்கடலைச் சட்னியும் நம் புளியோதரையும் டப்பா மாறுவதைப் பார்த்திருக்கிற எனக்கு இதில் எதுவுமே அந்நியமாகத் தெரியவில்லை. இன்னொரு உறவும் உண்டு. 1878-இல் மதீரா தீவிலிருந்து கப்பலேறி ஹவாய்க்குப் போன போர்ச்சுகீசியர்கள் தங்கள் ரொட்டியைக் கொண்டுபோனார்கள். அவர்களுக்கு வெகுகாலம் முன்பே நம் மேற்குக் கரைக்கு வந்த போர்ச்சுகீசியர்கள் இங்கேயும் ரொட்டி சுடக் கற்றுக்கொடுத்தார்கள். ஹவாயின் இனிப்பு ரொட்டிக்கும் என் மிசள் தட்டில் இருக்கும் பாவுக்கும் பூர்வீகம் ஒன்று.

பாவ் என்றதும் வடா பாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1966 வாக்கில் தாதர் ரயில் நிலையத்துக்கு வெளியே அசோக் வைத்யா என்பவர் தொடங்கியது என்று பரவலாகச் சொல்கிறார்கள். நிக்டி பஸ் நிலையத்துப் பக்கம் சாயங்காலம் ஐந்து மணிக்கு எண்ணெயிலிருந்து வடை எழும்பும்போது அதன் சரித்திரம் யாருக்கு வேண்டும்! கடலைமாவுத் தோல் மெல்லிசாக இருக்க வேண்டும், உள்ளே இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்த உருளைக்கிழங்கு ஆவி பறக்க வேண்டும், கொப்பரையும் பூண்டும் மிளகாய்த்தூளும் சேர்ந்த சிவப்புப் பொடி பாவின் இரண்டு பக்கமும் தடவியிருக்க வேண்டும். உப்பில் புரட்டிய பொரித்த மிளகாய் ஒன்று, கேட்டு வாங்குங்கள். எண்ணெயில் உதிர்ந்த மாவுத் துணுக்குகளை, சூரா என்பார்கள், ஒரு பிடி மேலே தூவச் சொல்லுங்கள். காசு வாங்காமல் போட்டுத் தருவார்கள்.

இப்போது எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்ததற்கு வருகிறேன். சாபுதாணா கிச்சடி.

ஜவ்வரிசி என்றால் நமக்குப் பாயசம், வற்றல், கஞ்சி. மராத்தியர்களுக்கு அது விரதச் சாப்பாடு. ஏகாதசி, சதுர்த்தி, நவராத்திரி, மகாசிவராத்திரி என்று அரிசி கோதுமை தொடாத நாட்களிலெல்லாம் வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை ஜவ்வரிசிதான். ‘ஏகாதசி, துப்பட் காஷி’ என்று ஒரு பழமொழியே வைத்திருக்கிறார்கள்: ஏகாதசியன்று இரண்டு பங்கு சாப்பாடு! அந்தக் கிச்சடியைச் சாப்பிட்டவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது. இங்கே நல்ல கடைகளில் அதை விரதம் இல்லாத நாளிலும் போடுகிறார்கள். நானும் விரதம் இல்லாத நாளில்தான் நிறையச் சாப்பிடுகிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் ஒரு மாவ்ஷி, அதாவது சித்தி, காலையில் மட்டும் கடை வைக்கிறார். ஒரு இரும்பு வாணலி, இரண்டு எவர்சில்வர் டப்பா, ஒரு தயிர்ச் சட்டி, அவ்வளவுதான் கடை. அவர் கிளறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடம். ஜவ்வரிசியைக் கழுவி, அதன் தலைக்கு மேல் துளி மட்டுமே தண்ணீர் நிற்கிற அளவு விட்டு, ராத்திரி முழுக்க மூடி வைக்கிறார். காலையில் ஒரு மணியை எடுத்து விரலால் அழுத்தினால் நடுவில் கடினமில்லாமல் பூவாக நசுங்க வேண்டும், ஆனால் ஒன்றோடு ஒன்று ஒட்டக்கூடாது. வறுத்த நிலக்கடலையைக் கொரகொரப்பாகப் பொடித்து, அதையும் உப்பையும் கொஞ்சம் சர்க்கரையையும் அடுப்புக்குப் போவதற்கு முன்பே ஜவ்வரிசியில் பிசறி வைத்துவிடுகிறார். ரகசியம் அங்கேதான். அந்தப் பொடி ஒவ்வொரு மணியையும் தனித்தனியாகப் போர்த்திக்கொள்வதால் வாணலியில் களியாவதில்லை. பிறகு நெய், சீரகம், பச்சை மிளகாய், வேகவைத்த உருளைக்கிழங்கு, எல்லாவற்றின் மேலும் ஜவ்வரிசி. ஒரு தட்டு போட்டு மூடுகிறார். திறந்தால் வெள்ளை மணிகள் கண்ணாடியாகியிருக்கின்றன. எலுமிச்சை பிழிந்து, தேங்காய்த் துருவலும் கொத்தமல்லியும் தூவி, ஓரத்தில் ஒரு கரண்டி தயிர்.

எங்கள் அத்தை கும்பகோணத்திலிருந்து வந்திருந்தபோது அழைத்துப்போனேன். காரியத்தில் கண்ணாக ஒரு வாய் சாப்பிட்டார், இன்னொரு வாய் சாப்பிட்டார். “ஏண்டி, இத்தனை நாளா இத வத்தல் போட்டு வீணாக்கியிருக்கோமே!” என்றார். மாவ்ஷிக்குத் தமிழ் தெரியாது, அத்தைக்கு மராத்தி தெரியாது. ஆனாலும் பதம் எப்படி வந்தது என்று அத்தை விரலை நசுக்கிக் காட்டிக் கேட்க, அவரும் விரலை நசுக்கிக் காட்டிப் பதில் சொன்னார். அடுத்த தட்டுக்குத் தயிர் இரட்டிப்பாக விழுந்தது.

அத்தையிடம் நான் அப்போது சொன்ன செய்திதான் அவருக்குக் கிச்சடியை விட அதிகமாகப் பிடித்தது. இந்த ஜவ்வரிசி பெரும்பாலும் நம் சேலத்திலிருந்து வருகிறது. சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளிக் காடுகளில் கிழங்கு பிடுங்கி, ஆத்தூர் பக்கத்து ஆலைகளில் பாலெடுத்து, மாவாக்கி, உருட்டி, வறுத்து, காயவைத்து மூட்டை கட்டுகிறார்கள். உற்பத்தியாளர்களுக்காக 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தில் ஏலம் நடக்கிறது. சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அந்த மூட்டைகளுக்கு மிகப் பெரிய சந்தை மராட்டியம். நவராத்திரிக்கும் ஆஷாட ஏகாதசிக்கும் முன்னால் இங்கே கேட்பு கூடினால் அங்கே விலை ஏறும். சேலத்து விவசாயியின் கிழங்கு நிக்டி மாவ்ஷியின் வாணலியில் கண்ணாடி மணியாகிறது. இதை நினைத்தால் எனக்குச் சந்தோஷம் பொங்குகிறது, அந்தத் தட்டை வாங்கும் ஒவ்வொரு தடவையும்.

மத்தியானத்துக்கு பிட்லா-பாக்ரி. தொழிலாளிக்கும் விவசாயிக்கும் பொதுவான சாப்பாடு இது. 1995-இல் ஆட்சிக்கு வந்த சிவசேனா-பாஜக அரசு ஒரு ரூபாய்க்கு ஜுண்கா-பாக்கர் கொடுக்கும் திட்டம் கொண்டுவந்தது என்றால் அந்தச் சாப்பாட்டுக்கு இந்த மண்ணில் இருக்கும் இடத்தைப் புரிந்துகொள்ளலாம். ஜுண்கா கெட்டி, பிட்லா தளர்வு, இரண்டுமே கடலைமாவுதான். தாளிப்பில் பூண்டு, மிளகாய், வெங்காயம் சிவந்ததும் கரைத்த மாவை ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கையால் கட்டி விழாமல் கிளறுவார்கள். கொதித்து இறுகும்போது ஒரு வாசனை வரும் பாருங்கள், அதற்குமேல் பொறுமை கிடையாது.

பாக்ரிக்கு ஜ்வாரி, நம் சோளம். வெந்நீரில் பிசைந்த மாவை உள்ளங்கையால் தட்டித் தட்டியே தட்டளவுக்கு வட்டமாக விரிப்பார்கள். கல்லில் போட்டு மேலே ஒரு கை தண்ணீர் தடவி, திருப்பி, பிறகு நேரே தணலில் காட்டினால் பூரி மாதிரி உப்பும். சுடச்சுட வந்த பாக்ரியைப் பிய்த்தால் ஆவி முகத்தில் அடிக்கும். பக்கத்தில் பச்சை மிளகாயும் பூண்டும் நசுக்கிய டேச்சா. வெங்காயத்தைக் கத்தி போடாமல் முஷ்டியால் ஒரே குத்தாகக் குத்தி உடைத்துத் தருவார்கள், அப்படி உடைத்ததற்குத்தான் ருசி. பிட்லா செய்த இரும்புச் சட்டியின் அடியில் பிடித்திருக்குமே, அந்தக் காந்தலுக்கு இங்கே கர்வட் என்று பெயர். அதைச் சுரண்டிக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் உண்டு என்று தெரிந்த அன்று, இந்த ஊர்க்காரர்கள் நம்மவர்கள் என்று முடிவு செய்துவிட்டேன். ‘மாவ்ஷி, கர்வட் ஆஹே கா?’ என்று கேட்டுப் பாருங்கள். வெளியூர் முகம் இதைக் கேட்டால் அவர்களுக்கு வருகிற சந்தோஷமே தனி.

கொங்கணத்துக்காரர்கள் நடத்தும் மால்வணி சாப்பாட்டுக் கடைகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். வஞ்சிரத்தை ரவையில் புரட்டிப் பொரித்து, கோழிக்குழம்போடு உப்பின வடைகள் வைத்து, முடிவில் ஒரு டம்ளர் சோல்கடி தருவார்கள். தேங்காய்ப்பாலில் கோகம் புளிப்பு, பூண்டு, மிளகாய். இளஞ்சிவப்பு நிறம். குளிர்ச்சியாக உள்ளே இறங்கும்போது காரமெல்லாம் அடங்கிப்போகும். தேங்காய் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதைவிட ஒரு வரவேற்பு கிடையாது.

டீ விஷயத்தில் புனே தனி ராஜ்யம். அம்ருததுல்ய என்ற பலகை போட்ட கடைகளில் பித்தளைப் பாத்திரத்தில் இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப்போட்டு, பாலோடு சேர்த்துக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சுகிறார்கள். இதைச் சொல்லும்போதே நாக்கு கேட்கிறது.

ஊரே சமையல்கட்டாகிற நாள் ஒன்று இருக்கிறது. ஆனி மாதத்தில் தேஹூவிலிருந்து துக்காராம் மகாராஜின் பல்லக்கு பண்டரிபுரத்துக்குக் கிளம்புகிறது. 1685-இல் துக்காராமின் மகன் நாராயண் மகாராஜ் தொடங்கிய வழக்கம். ஆகுர்டியில் தங்குவதற்கு முன்னால் பல்லக்கு நிக்டி வழியாகத்தான் வரும், சிவாஜியும் துக்காராமும் சிலைகளாக நிற்கும் பக்தி-சக்தி சௌக்கின் வழியாக. தாளமும் மிருதங்கமுமாக வாரகரிகள், அதாவது பண்டரிபுரத்துக்கு நடக்கும் பக்தர்கள், ஆயிரக்கணக்கில் நடந்து வர, சாலையின் இரண்டு பக்கமும் மேஜை போட்டு போஹே, சிரா, வாழைப்பழம், கிச்சடி, டீ. ஆலைத் தொழிலாளிகள், கடைக்காரர்கள், குடியிருப்புச் சங்கத்துப் பெண்கள் எல்லோரும் கரண்டி பிடிக்கிறார்கள். நாங்கள் தமிழ்க் குடும்பங்கள் சிலபேர் சேர்ந்து எலுமிச்சை சாதம் கலந்து கொடுத்திருக்கிறோம். நடந்து களைத்த ஒரு ஆஜி, அதாவது பாட்டி, இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டு போனார். எங்களுக்கு அன்று தரையில் கால் பாவவில்லை.

வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையாக வாருங்கள். எட்டரைக்குள் மிசள் கடைக்குப் போய்விட வேண்டும், பத்து மணிக்குமேல் போனால் தர்ரி தீர்ந்து வெறும் ரஸ்ஸாதான் மிஞ்சும். காரம் பழகாதவர்கள் தர்ரியைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள், தயிரும் சொல்லிவிடுங்கள். மிசள் ஆனதும் துர்காதேவி டேக்டி என்ற குன்றில் ஏறி ஒரு சுற்று நடந்தால் மத்தியானம் பிட்லாவுக்குப் பசி வந்துவிடும். வடா பாவை ஐந்து மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள், முதல் ஈடு இறங்குகிற நேரம் அதுதான். சாபுதாணா கிச்சடிக்கு மட்டும் மறுநாள் காலை வரை இருந்தாக வேண்டும், மாவ்ஷி ஞாயிறு கடை போடுவதில்லை. ராத்திரி எங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளலாம்.